கடல் சிங்கங்களையும் சீல்களையும் சுறுசுறுப்பாக வைத்திருப்பது எப்படி: விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சாயங்காலம் வேதாளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, மீனைக் காட்டினா அது தானா வந்துடப் போகுது. இதுக்கு எதுக்கு ஒரு ஆளு, ஒரு சம்பளம்?"

அவனுக்கு வளைகுடாவில் கடல் விலங்குகளை வைத்திருக்கும் ஒரு பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது. கடல் சிங்கங்களும் சீல்களும் இருக்கும் பகுதியில் உதவியாளர். நான் அதே மாதிரி ஓரிடத்தில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவன். சங்கு குளிக்கத் தெரிந்தவன் என்பதால் தொட்டியின் அடியைத் தேய்க்கும் டைவராகச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வருடம்தான் பயிற்சி கொடுக்கும் விசிலைக் கையில் கொடுத்தார்கள். அவனுக்குச் சொன்னதை இந்த வேலைக்குப் போக நினைக்கும் பெரியபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னது சரிதான், மீனைக் காட்டினால் வரும். வந்து தின்றுவிட்டு மீதி நேரம் முழுக்க என்ன செய்யும்? கடலில் இருந்தால் அது மீனைத் தேட வேண்டும், துரத்த வேண்டும், சுறாவுக்குத் தப்ப வேண்டும், பாறையில் மற்றதோடு மல்லுக்கட்டி இடம் பிடிக்க வேண்டும். தொட்டிக்குள் வந்ததும் அந்த வேலையெல்லாம் போய்விடுகிறது. மீன் மட்டும் பக்கெட்டில் வருகிறது. விளையாட்டு, பயிற்சி என்று நாம் செய்வது எல்லாமே நாம் எடுத்துக்கொண்ட அந்த வேலையை வேறு உருவத்தில் திருப்பிக் கொடுப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் கடலில் இவை கிடையாது. ஊரில் யாரிடமாவது சொன்னால் "ஆவுளியாவா?" என்று கேட்பார்கள். ஆவுளியா, அதாவது கடல் பசு, வேறு. அது கடல்தாழை தின்னும் சாதுவான பிராணி, யானைக்குத் தூரத்துச் சொந்தம். 1950களின் கடைசியில் மண்டபம் கேம்பில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஜோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடலில் வாழும் பாலூட்டியைத் தொட்டியில் வைத்துப் பராமரிப்பது நம் கரைக்குப் புதிதல்ல என்று என் தாத்தா அந்தக் கதையைச் சொல்வார்.

கடல் சிங்கமும் சீலும் வேட்டையாடித் தின்பவை. நாய்க்கும் கரடிக்கும் உறவு. பூங்காக்களில் அதிகம் பார்ப்பது கலிஃபோர்னியா கடல் சிங்கம். காதுக்கு வெளியே சின்ன மடல் இருக்கும். பின் துடுப்பை முன்னால் மடித்து நாலு காலில் நடக்கும், ஓடவும் செய்யும். நீந்துவது முன் துடுப்பால். பெட்டை ஏறக்குறைய 100 கிலோ, ஆண் 300 கிலோவைத் தாண்டும். சீலுக்குக் காது மடல் இல்லை, வெறும் துளைதான். தரையில் வயிற்றால் நெளிந்து நெளிந்துதான் போகும். நீரில் பின் துடுப்பை இடம் வலமாக ஆட்டி நீந்தும்.

இந்த வித்தியாசம் வேலைக்கு முக்கியம். கடல் சிங்கத்துக்குத் தரையிலும் வேலை வைக்கலாம்: ஏறுவது, குதிப்பது, எறிந்து பிடிப்பது. சீலைக் கரைக்கு இழுத்து இழுத்து வேலை வாங்கினால் அதற்குச் சலிப்புதான் வரும். அதன் உலகம் தண்ணீரும் மீசையும். ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சீலின் கண்ணையும் காதையும் மூடிவிட்டு, ஒரு சின்ன நீர்மூழ்கி பொம்மையைத் தண்ணீரில் ஓடவிட்டார்கள். பொம்மை போன தடத்தை அது மீசையாலேயே பிடித்துக்கொண்டு போனது. 2001இல் வெளியான முடிவு இது. அதனால் சீலுக்கு நீரடியில் ஓடும் தண்ணீரும் ஒளித்துவைத்த மீனும்தான் நல்ல விளையாட்டு.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

போன உடனே பந்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம் என்று அரை மணி நேரம் தொட்டி ஓரத்தில் நில்லுங்கள். எது எங்கே தூங்குகிறது, யார் யாரை விரட்டுகிறார், கதவுச் சத்தம் கேட்டால் யார் முதலில் தலையைத் தூக்குகிறார், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஒரே சுற்றில் நீந்துவது. சில விலங்குகள் தொட்டியை ஒரே திசையில், ஒரே இடத்தில் திரும்பி, ஒரே இடத்தில் மூச்செடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். பார்வையாளர்கள் "எவ்வளவு அழகா நீந்துது" என்பார்கள். அது சலிப்பின் அடையாளம். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி, எத்தனை நிமிடம் தொடர்கிறது, எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு நீங்கள் செய்யும் எந்த ஏற்பாடும் வேலை செய்கிறதா என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கூடவே இரண்டு விஷயம் பாருங்கள்: நிழல் இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா. நிழல் போதாத தொட்டியில் வருடக்கணக்கில் இருக்கும் விலங்குகளுக்குக் கண்ணில் புரை விழும் ஆபத்து அதிகம். வெளிர் நீல பெயின்ட் அடித்த தொட்டியில் மத்தியான வெயில் எப்படித் திருப்பி அடிக்கும் என்று நம் உப்பளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 2: மீன்

பயிற்சியின் அடிப்படை மீன் அறையில்தான் இருக்கிறது. இங்கே சோம்பல் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் என்பதை டாக்டர் முடிவு செய்வார். பொதுவாக உடல் எடையில் 5 முதல் 8 சதவீதம், குட்டிக்கு அதற்கும் மேல். அந்த அளவு முழுவதும் அன்றைக்குள் அதற்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் சொன்னதைச் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. பட்டினி போட்டுப் பழக்குவது என்று ஒரு முறை இருந்தது, இன்றும் சிலர் மறைவாகச் செய்கிறார்கள். அது தவறு. பசியில் இருக்கும் விலங்கு யோசிக்காது, பறிக்கப் பார்க்கும், கடிக்கும். நான் இருந்த இடத்தில் அன்றைய மீனை மூன்றாகப் பிரிப்போம்: பெரிய பங்கு பயிற்சிக்கு, கொஞ்சம் விளையாட்டுச் சாமான்களுக்குள் ஒளிக்க, மீதி எந்த வேலையும் கேட்காமல் சும்மா கொடுக்க.

அங்கே வருவது உறைய வைத்த ஹெர்ரிங், கேப்லின், கானாங்கெளுத்தி, கணவாய். ஹெர்ரிங் நம் சாளைக்குச் சொந்தக்காரன், கையில் எடுத்தாலே தெரியும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து மெதுவாக இளக்க வேண்டும். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தக் கூடாது. இளகியது 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. கண் குழிந்ததை, வயிறு வெடித்ததை, செவுள் வெளுத்ததை ஒதுக்குங்கள். வீட்டில் குழம்புக்கு எடுக்க மாட்டீர்கள் என்றால் பக்கெட்டிலும் போடாதீர்கள்.

உறைந்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துவிடும். ஹெர்ரிங் போன்ற சில மீன்களில் அந்த வைட்டமினை அழிக்கும் பொருளும் இருக்கிறது. அதனால் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் பி1 கொடுப்பது வழக்கம். மாத்திரையை அன்றைய முதல் மீனின் செவுளுக்குள் சொருகி, எந்த விலங்குக்குக் கொடுத்தீர்கள் என்று டிக் போடுங்கள். நன்னீர்த் தொட்டியாக இருந்தால் உப்பு மாத்திரையும் சேரும்.

இன்னொன்று. இனப்பெருக்க காலத்தில், ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை, பெரிய ஆண் கடல் சிங்கம் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சீல் ரோமம் உதிர்க்கும் வாரங்களில் தண்ணீரில் இறங்கவே யோசிக்கும். புதிதாக வந்தவர்கள் "பிடிவாதம் பிடிக்குது" என்று நினைத்து வற்புறுத்துவார்கள். அந்த நாட்களில் வேலையைக் குறைத்துவிடுங்கள்.

படி 3: விசில்

கடல் சிங்கம் தண்ணீரில் பத்தடி தள்ளி ஒரு நல்ல காரியம் செய்கிறது. மீன் அதன் வாய்க்குப் போக மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியில் அது திரும்பியிருக்கும், மூழ்கியிருக்கும், பக்கத்துப் பெட்டையைத் தள்ளியிருக்கும். மீன் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் விசில். சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு சின்ன ஊதல். பிறகு மீன்.

பழக்குவது எளிது. எதையும் கேட்காமல் விசில் ஊதுங்கள், உடனே மீன் கொடுங்கள். இருபது தடவை. மறுநாளும் அப்படியே. சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் அதற்குப் புரிந்துவிட்டது. அப்புறம் ஒரு சட்டம்: விசில் ஊதினால் கொடுத்தே ஆக வேண்டும். தவறி ஊதினாலும் கொடுக்க வேண்டும். விசில் என்பது வாக்கு கொடுப்பது. இரண்டு தடவை ஏமாற்றினால் மூன்றாவது தடவை உங்கள் விசிலுக்கு மதிப்பிருக்காது.

நேரம் தவறாமல் ஊதுவதற்கு நம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். அக்கா மகனை வீட்டு ஆட்டோடு பழக விட்டேன். வலை மிதப்பு ஒன்றைக் குச்சியில் கட்டி ஆட்டின் முன்னால் நீட்டுவது, மூக்கு பட்ட நொடியில் விசில், பிறகு ஒரு கை அகத்திக்கீரை. முதல் இரண்டு நாள் ஆடு மிதப்பைத் தொட்டுவிட்டுத் தலையைத் திருப்பிய பிறகே ஊதினான். ஆடும் என்ன கற்றது? தொட்டதும் தலையைத் திருப்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டது! அவன் செய்த தப்பு ஆட்டின் கழுத்தில் தெரிந்தது. ஐந்தாம் நாள் ஆடு திண்ணையைச் சுற்றி மிதப்பின் பின்னாலேயே வந்தது. நான் இருந்த பூங்காவில் இந்தப் பாடம் எனக்குக் கிடைக்க மூன்று மாதம் ஆனது.

படி 4: மிதப்புக் கம்பு

நீளக் கம்பின் நுனியில் ஒரு பந்து. இதற்கு டார்கெட் என்று பெயர். மூக்கால் அதைத் தொடப் பழகிவிட்டால் விலங்கை எங்கே வேண்டுமானாலும் கையை வைக்காமல் கூட்டிப் போகலாம்: தராசு மேல், கூண்டுக்குள், எக்ஸ்ரே பலகைக்கு முன்.

பந்தை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டுங்கள். ஆர்வத்தில் அதுவே தொடும். விசில், மீன். நீங்கள் கொண்டுபோய் மூக்கில் இடிக்காதீர்கள், அது வந்து தொட வேண்டும். பிறகு இரண்டு சாண். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, தண்ணீருக்குள். பிறகு தொட்டபடியே ஒரு நொடி, மூன்று நொடி, பத்து நொடி. தூரம், நேரம், இடம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டும் நாளில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு மேலே டார்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் குதிப்பு வரும். பார்வையாளர்கள் கைதட்டும் பெரிய குதிப்பு எல்லாம் இந்த ஒரு சாணில் தொடங்கியதுதான். குதிப்பது உடம்புக்கு நல்ல வேலை. ஆனால் வயதான விலங்கை உயரம் குதிக்கச் சொல்லாதீர்கள்.

படி 5: அவரவர் இடம்

நாலு கடல் சிங்கங்கள் ஒரே பக்கெட்டை நோக்கி வந்தால் சண்டை நிச்சயம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடை, ஒரு பாய், ஒரு அடையாளம். தன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதற்கே மீன் கிடைக்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒன்று மேடையை விட்டு இறங்கி வந்து நச்சரிக்கும்போது அதைத் திருப்பி அனுப்ப மீனைப் போடுகிறார்கள். இறங்கி வந்தால் மீன் என்று அது படித்துக்கொள்ளும். இறங்கி வந்ததை விட்டுவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற மூன்றுக்கும் விசில் ஊதி மீன் கொடுங்கள்.

படி 6: அப்பத்தாவின் கண்

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது வித்தை கிடையாது, வைத்தியத்துக்கு ஒத்துழைக்கப் பழக்குவது. வாயைத் திறந்து காட்டுவது, தராசில் அசையாமல் நிற்பது, ஸ்கேன் கருவியை வயிற்றில் வைக்க விடுவது, பின் துடுப்பிலிருந்து ரத்தம் எடுக்க விடுவது. இதெல்லாம் பழகாத விலங்கை வலை போட்டுப் பிடித்து, நாலு பேர் அமுக்கித்தான் ஊசி போட வேண்டும். மயக்க மருந்தும் இவற்றுக்கு எளிதில்லை. மூச்சை அடக்கும் உடம்பு என்பதால் மயக்கத்தில் மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

எங்களிடம் 22 வயதுப் பெட்டை ஒன்று இருந்தது. தமிழ்க்காரர்கள் மூன்று பேரும் அதை அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு கண்ணிலும் புரை. தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். முகத்துக்குப் பக்கத்தில் கை போனாலே பின்வாங்கும். ஆறு வாரம் ஆனது. வரிசை இதுதான்.

முதலில் முகவாயை என் இடது உள்ளங்கையில் வைக்கப் பழக்கினேன். டார்கெட்டை உள்ளங்கைக்கு மேல் பிடித்து, பிறகு டார்கெட்டை எடுத்துவிட்டேன். அடுத்து வலது கையை அதன் தோள் அருகே ஒரு நொடி காட்டுவது. விசில், மீன். பிறகு கழுத்து, கன்னம், புருவம். அது பின்வாங்கினால் முந்தைய இடத்துக்குத் திரும்பிவிடுவேன். இமையை விரலால் தொடுவதற்கே மூன்று வாரம். அடுத்து காலி மருந்துக் குப்பியைக் காட்டுவது. இங்கே ஒரு சிக்கல். குப்பியைப் பார்த்தால் பயமில்லை, கையில் பிடித்தாலும் பயமில்லை, மூடியைத் திறக்கும்போது கேட்கும் "டிக்" சத்தத்துக்கு மட்டும் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்ளும். இரண்டு நாள் புரியாமல் தவித்தேன். அப்புறம் அந்தச் சத்தத்தைத் தனிப் பாடமாக்கினேன். முதுகுக்குப் பின்னால் டிக், விசில், மீன். இடுப்புப் பக்கம் டிக், விசில், மீன். நான்கு நாளில் டிக் என்றால் மீன் வரும் என்று அதுவே கண்ணை விரித்துப் பார்த்தது.

பிறகு உப்புநீர் ஒரு சொட்டு. கடைசியாகத்தான் மருந்து. மருந்து எரியும் என்பதால் மருந்து விடும் ஒவ்வொரு முறைக்கும் ஐந்தாறு முறை வெறும் உப்புநீர் விட்டுப் பெரிய கானாங்கெளுத்தியாகக் கொடுத்தேன். முகவாய் வைத்தால் எப்போதும் வலிக்கும் என்ற எண்ணம் அதற்கு வரக் கூடாது. எந்த நேரத்திலும் அது முகவாயை எடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போகலாம், நான் தடுக்க மாட்டேன். போக வழி இருந்ததால்தான் அது நின்றது.

தப்பாகச் செய்தால் என்ன செய்வது

திட்டாதீர்கள், கம்பைத் தட்டாதீர்கள், தண்ணீரை அடிக்காதீர்கள். இரண்டு மூன்று நொடி முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா நில்லுங்கள். அது அமைதியாக இருந்தால் அதற்குத் தெரிந்த எளிதான ஒன்றைக் கேட்டு, மீன் கொடுங்கள். ஒரே காரியத்தை மூன்று முறை தவறினால் நீங்கள் கேட்டது அதிகம். ஒரு படி இறங்கி வாருங்கள். ஒரு வகுப்பு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், நாளைக்கு நாலைந்து தடவை. அது நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 7: விளையாட்டுச் சாமான்

பயிற்சியில் நாம் கேட்கிறோம். விளையாட்டில் அதுவே தேர்ந்தெடுக்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

வெயில் நாளில் எல்லா விலங்குக்கும் பிடித்தது ஐஸ். பக்கெட் தண்ணீரில் மீனையும் கணவாயையும் போட்டு உறைய வைத்து அப்படியே தொட்டியில் தள்ளுங்கள். உருட்டும், கடிக்கும், தண்ணீருக்கடியில் தள்ளிப் பிடிக்கும். ஒரு மணி நேரம் போகும். ஹோஸ் தண்ணீர் அதற்கு அடுத்தது. கடல் சிங்கம் அந்தத் தாரையை வாயால் கடிக்க முயல்வதைப் பார்க்க வேண்டும், கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். கார் கழுவும் இடங்களில் தொங்கும் தடித்த துணிப் பட்டைகளைத் தொட்டி அடியில் பொருத்தினால் கடல்பாசிக் காடு மாதிரி ஆடும். அதற்குள் மீனை ஒளித்துவைத்தால் சீல்கள் மீசையை விரித்துக்கொண்டு உள்ளே புகுந்து தேடும்.

என் சொந்த யோசனையில் ஒன்று எடுபட்டது. நாம் கடலில் மீன் பிடிக்கப் போடும் கூட்டை நினைவில் வைத்துப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் மீன் மட்டும் நழுவும் அளவுக்கு நாலு துளை போட்டேன். அடியில் போட்டால் புரட்டினால்தான் ஒரு மீன் வரும். எல்லாத் துளையும் ஒரே அளவாக இருந்தபோது பத்து நிமிடத்தில் காலி செய்தன. இரண்டை மூடி, ஒன்றைச் சின்னதாக்கியதும் நாற்பது நிமிடம் ஆனது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆண், பீப்பாய் போட்ட நாட்களில் அந்தச் சுற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டதை என் நோட்டிலேயே பார்த்தேன்.

அதே பீப்பாயில்தான் தவறும் செய்தேன். துளையை மூடிய ரப்பர் அடைப்பான் ஒன்று தளர்ந்திருந்ததைக் காலையில் பார்க்காமல் போட்டுவிட்டேன். மத்தியானம் மூன்று வயது ஆண் ஒன்று மீனைப் பாதியில் விட்டது, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்தது, பிறகு தின்றதைக் கக்கியது. அடைப்பானை எடுக்க மயக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அது எழுந்து தலையைத் தூக்கும் வரை நான் தொட்டி ஓரத்தை விட்டு நகரவில்லை. இந்த விலங்குகள் கல், காசு, கண்ணாடி பிரேம் எது கிடந்தாலும் விழுங்கிப் பார்க்கும். அதனால் சாமான் அதன் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கழன்று வரும் பாகம் எதுவும் கூடாது. தலையோ துடுப்போ மாட்டும் வளையமும், தொங்கும் கயிறும் கூடாது. போடும் முன்பும் எடுத்த பின்பும் கையால் தடவிப் பாருங்கள், எண்ணி எழுதுங்கள். ஐந்து போட்டால் ஐந்து திரும்பி வர வேண்டும்.

புதுச் சாமானை முதல் நாளே தண்ணீரில் போடாதீர்கள். கரையில் வைத்துப் பார்க்க விடுங்கள். பயந்தால் அங்கேயே இருக்கட்டும், இரண்டு மூன்று நாளில் அதுவே கிட்டே வரும். பழகிய சாமானை நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க விட்டாலும் சலித்துவிடும். பதினைந்து இருபது சாமான் இருந்தால் சுற்றில் விடுங்கள், நேரத்தையும் மாற்றுங்கள். காசு செலவில்லாத விளையாட்டும் உண்டு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு குழந்தை பளபளப்பான தொப்பியோடு இங்கும் அங்கும் ஓடினால் எங்கள் சீல் கூடவே ஓடும். பார்வையாளர் வராத நாட்களில் அந்த ஓட்டத்தை நானே ஓடியிருக்கிறேன்.

படி 8: யோசிக்க விடுங்கள்

ஹவாயில் 1965இல் கேரன் பிரையர் என்ற பயிற்சியாளர் ஒரு டால்ஃபினுக்கு, அதுவரை செய்யாத புதுச் செய்கை எதையாவது செய்தால் மட்டும் மீன் என்று வைத்தார். கொஞ்ச நாளில் அது தானாகவே புதிது புதிதாகக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. இதைக் கடல் சிங்கத்திடமும் செய்யலாம். ஒரு கைச் சைகையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அர்த்தம் "உன் இஷ்டம், புதுசா ஒண்ணு". செய்ததையே திரும்பச் செய்தால் சும்மா நில்லுங்கள். வேறு எதைச் செய்தாலும், தலையைச் சாய்த்தாலும், விசில். முதல் சில நாள் குழம்பிப் போகும், குரைக்கும். அந்தக் குழப்பம் கோபமாக மாறும் முன்னால் தெரிந்த ஒன்றைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

இவற்றின் மூளையைக் குறைத்து எடைபோடாதீர்கள். கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ரோனன் என்ற கடல் சிங்கம் தாளத்துக்குத் தலையாட்டக் கற்றது. பழகாத பாட்டுக்கும், வேகத்தை மாற்றினாலும், தாளம் தவறவில்லை. 2013இல் அந்த முடிவு வந்தது. அதே இடத்தில் ரியோ என்ற இன்னொன்று, கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைப் பத்து வருடம் கழித்துக் கேட்டபோதும் சரியாகச் செய்தது. இரண்டு வடிவப் பலகையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, சொன்ன பொருளைப் பல பொருள்களிலிருந்து எடுத்து வருவது போன்ற வேலைகளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். உடம்பைக் களைக்க வைக்காது என்பதால் வயதான விலங்குக்கு இது மிக நல்லது.

உங்கள் உடம்பு

கடிபட்டால் சின்னக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். சீல் கடித்த விரலில் ஒரு வகைத் தொற்று வரும். விரல் வீங்கி, மூட்டே கெட்டுப்போகும். பென்சிலின் அதற்கு வேலை செய்யாது, டெட்ராசைக்ளின் வகை மருந்துதான் கேட்கும். டாக்டரிடம் போகும்போது சீலோடு வேலை செய்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள். கையில் வெட்டு இருக்கும்போது கையுறை இல்லாமல் மீன் பக்கெட்டைத் தொடாதீர்கள். தனியாக உள்ளே போகாதீர்கள். இனப்பெருக்க காலத்தில் பெரிய ஆணுக்கு முதுகைக் காட்டாதீர்கள். உங்களுக்கும் வெளியேறும் கதவுக்கும் நடுவில் அது வராதபடி எப்போதும் நில்லுங்கள்.

நம் கடற்கரையில் வலையில் ஆவுளியாவோ டால்ஃபினோ மாட்டினால் இங்கே எழுதிய எதையும் அதனிடம் செய்து பார்க்காதீர்கள். அவை சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் உள்ள கடல் பிராணிகள். வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஊருக்கு வரும்போது

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு வரும். டிக்கெட் போட்ட அன்றே கைமாற்றத்தைத் தொடங்குங்கள். விலங்குக்கு உங்கள் முகம், கை, நடை எல்லாம் பழக்கம். திடீரென்று ஆள் மாறினால் மீன் தின்னாமல் இருக்கும், பழகியதை மறுக்கும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொள்வேன். முதல் வாரம் அடுத்த ஆள் என் பக்கத்தில் சும்மா நிற்பார். இரண்டாவது வாரம் நான் கேட்பேன், அவர் மீன் கொடுப்பார். மூன்றாவது வாரம் அவர் கேட்பார், நான் நாலடி பின்னால் நிற்பேன். கடைசி இரண்டு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். நோட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம்: எதற்குப் பயம், எந்த மீன் பிடிக்கும், எந்தச் சாமானைப் போன வாரம் போட்டேன்.

அப்பத்தாவை அப்படித்தான் ஒரு நேபாளித் தம்பியிடம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் வந்திருந்தேன். திரும்பிப் போன அன்று காலை சீருடைகூட மாற்றவில்லை, பையைத் தோளில் போட்டபடி தொட்டி ஓரத்துக்குப் போய்விட்டேன். அப்பத்தா மேடையில் படுத்திருந்தது. கண் சரியாகத் தெரியாது, என் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பியது. மெதுவாக இறங்கி வந்து, நான் சும்மா நீட்டியிருந்த இடது கையில் முகவாயை வைத்து, கண்ணை விரித்து நின்றது. என்னிடம் பக்கெட்டும் இல்லை, ஒரு மீனும் இல்லை. "இரு அப்பத்தா" என்று சொல்லிவிட்டு மீன் அறைக்கு ஓடினேன்.